பவுனுக்கு ஒரு ஃபோகஸ் லைட்டு

ஏணியை அந்தத் தூணில் சாய்க்காதீங்க தம்பி. அது பவுனு கழுத்துச் சொறிந்துகொள்கிற தூண். தேய்த்துத் தேய்த்து அடி ஆடிப்போயிருக்கிறது. நீங்க உச்சியில் நிற்கும்போது அவளுக்கு அரிப்பு எடுத்தால், நீங்களும் ஏணியும் சேர்ந்து கீழே வருவீங்க. இந்தப் பக்கம், சுவரோடு போடுங்க. அவ்வளவுதான். பவுனு உதைக்க மாட்டாள். சட்டைப் பையில் கேரட்டு இருந்தால் மட்டும் எடுத்து வெளியே வைத்துவிடுங்க.

ஒரு குதிரை நிற்கிற லாயத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய லைட்டு, ஏற்கெனவே மூன்று எரிகிறதே என்று நினைக்கிறீங்க. வாய் திறந்து கேட்கவில்லை, முகத்தில் தெரிகிறது. கேட்டால் தப்பில்லை. கடைக்காரனும் கேட்டான். "அண்ணே, இது கிரிக்கெட்டு மைதானத்துல மாட்டறது" என்றான். "அப்ப சரியான சாமான்தான், கட்டுப்பா" என்று வாங்கி வந்தேன்.

காரணம் ஒரே ஆள். என் சம்பந்தி ஒச்சப்பன்.

கொஞ்சம் குனிந்து வாசல் வழியாகப் பாருங்க. பாதைக்கு அந்தப் பக்கம் நீலத் தகரம் போட்ட லாயம் தெரிகிறதா? அவனுடையது. அவன் மகளைத்தான் என் மகனுக்குக் கட்டியிருக்கிறேன். அவனும் கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை விடுகிறவன், நானும் விடுகிறவன். ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டுகிற பிழைப்பு. அவன் குதிரைக்கு ராக்கெட் என்று பேர். பேர்தான் ராக்கெட். பஸ் ஹாரன் அடித்தால் அது நிற்கும், ஹாரன் அடங்கினாலும் நிற்கும். என் பவுனு அப்படி இல்லை. பேரைப் போலவே நிறம், பிடரி மட்டும் வெள்ளை. அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவே ஆள் வரும்.

அவனுக்கும் எனக்கும் என்ன மனத்தாங்கல் என்று கேட்பீங்க. சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் எனக்கு ஒடிந்த அப்பளம் வைத்தான்.

சிரிக்காதீங்க. மாப்பிள்ளையைப் பெற்ற தகப்பன் நான். முதல் பந்தி, முதல் இலை. என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் யார் என்றே எனக்குத் தெரியாது, யாரோ மைக்செட்காரர், அவர் இலையில் முழு அப்பளம், பௌர்ணமி மாதிரி. என் இலையில் மூன்று துண்டு. பரிமாறினது அவன் தம்பி மகன். ஆனால் கூடையைக் கையில் கொடுத்து அனுப்பியது யார்? நான் துண்டு மூன்றையும் இலையிலேயே ஒன்று சேர்த்து வட்டமாக வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். புரிகிறவனுக்குப் புரியட்டும் என்று. அவனுக்குப் புரியவில்லை. "சம்பந்திக்கு அப்பளம் பிடிக்காது போல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த வயரைக் கொஞ்சம் தள்ளி இழுங்க, அது பவுனு கடிக்கிற உயரம்.

போன மழைக்காலத்தில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. என் பேரன் கவினுக்கு மொட்டை எடுத்துக் காது குத்துவது என்று முடிவு. எங்கள் வழக்கம் தெரியுமா உங்களுக்கு? ஏரிக்கரை முனையிலிருந்து குலசாமி கோயில் வரைக்கும் பிள்ளையைக் குதிரையில் ஏற்றி, மேளத்தோடு அழைத்துப்போவோம். கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவார்கள். மடி தாய்மாமனுடையது, அதில் எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் குதிரை யாருடையது?

"தாய்மாமன் சீர்ல குதிரையும் சேர்த்திதான் சம்பந்தி. ராக்கெட்ட ஜோடிச்சுக் கொண்டாந்துடறேன்" என்றான் ஒச்சப்பன்.

"மடி ஒங்களது, குதிரை எங்களது. பேரன் எங்க வீட்டு வாரிசு" என்றேன் நான்.

"அப்ப ஒங்க பவுனு முன்னால போகட்டும், எங்க ராக்கெட்டு பின்னால வரட்டும்."

"பின்னால வர்ற குதிரை மேல யாரு, நீங்களா ஒக்காருவீங்க?"

இப்படியே போனது. முகத்துக்கு நேரே வாங்க போங்கதான், மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கடைசியில் மருமகள் பூங்கோதை நடுவில் வந்தாள். அவன் மகள்தான், ஆனாலும் நியாயம் பேசுகிற மாதிரி பேசுவாள். "அன்னிக்கு எந்தக் குதிரைக்குத் தெம்பும் முகமும் நல்லாருக்கோ, அதுல புள்ளை ஏறட்டும். ரெண்டு பேரும் ஒத்துக்குங்க, இல்லேன்னா நான் ஆட்டோவுல கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள்.

முகம் என்றால் பவுனுதான். நான் உடனே ஒத்துக்கொண்டேன். அவனும் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டு, போகிற போக்கில் லாயத்தை எட்டிப் பார்த்து, "பவுனு முகத்துல லட்சணம் கூடிப்போச்சு சம்பந்தி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன், பவுனு முகம் வீங்கியிருக்கிறது.

சாதாரண வீக்கமா? மேலுதடு கீழுதட்டை மூடிக்கொண்டு தொங்குகிறது. கண் இரண்டும் கொழுக்கட்டைக்குள் வைத்த பூரணம் மாதிரி உள்ளே போய்விட்டது. கழுத்து முழுக்கப் பணியாரம் பணியாரமாகத் தடிப்பு. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொறிகிறாள். லாயமே குலுங்குகிறது, தகரம் ஜல் ஜல் என்கிறது. அன்றைக்கு ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனால், மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மாள், "இது என்ன ஜாதிக் குதிரைங்க?" என்று கேட்கிறாள். "வெளிநாட்டு ஜாதிம்மா, அங்கே மூக்கு இப்படித்தான் இருக்கும்" என்றேன். வேறென்ன சொல்ல?

லட்சணம் என்று அவன் வாயிலிருந்து வந்தது சாயங்காலம். வீங்கியது காலையில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மிளகாய் சுற்றிப் போட்டேன், எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டேன். வீக்கம் வற்றவில்லை. அப்போதுதான் யோசித்தேன். கண் மட்டும் இல்லை, கையும் இருக்கிறது. ஆள் வந்து ஏதோ செய்துவிட்டுப் போகிறான். அதற்கு முன்னால் இந்த லாயம் எப்படி இருக்கும் என்கிறீங்க? பொழுது சாய்ந்தால் ஒரே இருட்டு. வீக்கம் கண்ட அன்றே வாசலுக்குப் பூங்கோதை ஒரு பழைய சேலையைத் திரை மாதிரி தொங்கவிட்டிருந்தாள். போதாததற்கு ஒரு மூலையில் வேப்பிலை மூட்டம் புகைந்துகொண்டிருக்கும், அதுவும் அவள் வேலை. இருட்டு, திரை, புகை. திருடனுக்கு இதைவிட வசதி உண்டா?

முதலில் சேலையைக் கழற்றினேன். புகையை நிறுத்தினேன். புகை இருந்தால் ஆள் முகம் தெரியாதே. பிறகு ஒரு பெரிய குண்டு பல்பு மாட்டினேன், பவுனு தலைக்கு நேராக. எவன் அவள் முகத்தைத் தொட்டாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

"மாமா, சேலைய எதுக்குக் கழட்டினீங்க? பூச்சி வரும்" என்றாள் பூங்கோதை.

"பூச்சியப் பத்தி எனக்குக் கவலை இல்லம்மா. ரெண்டு காலு இருக்கறதப் பத்தித்தான் கவலை" என்றேன். அவள் தகப்பன் என்று சொல்லவில்லை. மருமகள் மனசு புண்படக்கூடாது பாருங்க.

பல்பு மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீக்கம் இரண்டு மடங்கு. கவனிச்சீங்களா? நான் காவலைக் கூட்டக் கூட்ட அவன் வேலையைக் கூட்டுகிறான். எவ்வளவு வன்மம் இருந்தால் அப்படிச் செய்வான்? பக்கத்தில் ஒரு டியூப் லைட்டும் மாட்டினேன். வயிற்றுப் பக்கமும் தடித்துவிட்டது.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், டீ குடித்துவிட்டு வருகிறேன். லாயத்துக்குள் ஆள். யார்? ஒச்சப்பன். என் கண்ணால் பார்த்தேன் தம்பி. கையில் மண்சட்டி, சட்டியில் தணல், தணல் மேல் பச்சை வேப்பிலை, என்னென்னவோ தழை. பவுனு காலடியில் குனிந்து ஊதிக்கொண்டிருக்கிறான். லைட்டை வேறு அணைத்துவைத்திருக்கிறான்.

"என்ன சம்பந்தி, இந்தப் பக்கம்?" என்றேன்.

திடுக்கிட்டுப்போனான். "ஒண்ணுமில்ல சம்பந்தி. புள்ளை ரொம்பச் சொறியறா, பாக்கச் சகிக்கல. அதான் கொஞ்சம் மூட்டம் போட்டா..."

"லைட்டு ஏன் அணைஞ்சிருக்கு?"

"அதுக்குத்தானே பூச்சி மொய்க்குது."

"பூச்சிக்காக அணைச்சீங்களா, நான் பாத்துடுவேன்னு அணைச்சீங்களா?"

லைட்டைத் தானே போட்டுவிட்டான். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். குற்றம் இல்லாதவன் பதில் சொல்லியிருப்பான் இல்லையா? நெருப்பு, சட்டி, தழை, இருட்டு. எங்கள் ஊரில் மாந்திரீகம் வைக்கிறவனும் இதே சாமானைத்தான் கொண்டுவருவான். இதில் ஒரு எலுமிச்சம்பழம்தான் பாக்கி, அதையும் மடியில் வைத்திருப்பான்.

என்ன தம்பி, திருப்புளி விழுந்துவிட்டதா? இருங்க, எடுத்துத் தருகிறேன். கேட்கிற உங்களுக்கே பயம் வந்துவிட்டது பாருங்க.

அதற்கப்புறம் அவனே டாக்டரம்மாவைக் கூட்டி வந்தான். மாட்டு டாக்டர்தான், ஆனால் குதிரையும் பார்ப்பார்கள். தன் ஸ்கூட்டரிலேயே உட்கார வைத்துக் கூட்டி வந்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, வருகிற வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்திருப்பான் என்று. அந்தம்மா பவுனு உதட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், காதுக்குள் பார்த்தார்கள், பிடரியை விலக்கிப் பார்த்தார்கள்.

"பூச்சிக்கடி அலர்ஜி பெரியவரே" என்றார்கள். "கொசுவைவிடச் சின்னதா ஒரு பூச்சி. சேறும் ஈரமும் இருக்கிற இடத்துல பொறக்கும். பொழுது சாயற நேரம் கிளம்பும். சில குதிரைக்கு ஒண்ணும் பண்ணாது. சில குதிரைக்கு உடம்பு ஏத்துக்காது, இப்படி வீங்கிடும்."

"ஒரே ஏரி, ஒரே புல்லு, ஒரே மழை. சம்பந்தி குதிரைக்கு ஏன் வீங்கல?"

"அவர் சாயங்காலமே இருட்டாக்கி, மூட்டம் போட்டு, சாக்குத் தொங்கவிட்டுடறார். நீங்க?"

"நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லம்மா" என்றேன்.

டாக்டரம்மா லைட்டை நிமிர்ந்து பார்த்தார்கள். கீழே தரையைப் பார்த்தார்கள். லைட்டுக்குக் கீழே கறுப்பாகக் கொஞ்சம் குவிந்து கிடந்தது, அரிசித் தவிடு மாதிரி. "இது என்ன?" என்றார்கள்.

"லைட்டுச் சூட்டுல செத்த பூச்சிம்மா. தினம் கூட்டி அள்ளறேன். நான் லைட்டு போட்டதாலதான் இத்தனை பூச்சி சாகுது. போடாம இருந்திருந்தா யோசிச்சுப் பாருங்க."

அந்தம்மா ஒச்சப்பனைப் பார்த்தார்கள், அவன் வானத்தைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஏதோ பேச்சு இருந்திருக்கிறது.

நான் கேட்டேன், "அந்தப் பூச்சி என்னையும்தானே கடிக்கணும்? தினம் சாயங்காலம் இங்கதானே காவல் ஒக்காந்திருக்கேன்? நான் வீங்கினேனா?"

"நீங்க மங்கி குல்லா, மப்ளர், ஸ்வெட்டர், காலுக்கு சாக்ஸ் எல்லாம் போட்டிருக்கீங்களே."

"குளிருக்குப் போட்டிருக்கேன்."

ஊசி போட்டார்கள். அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். நல்ல ஊசி. போட்டதும் மூக்கு பாதியாகக் குறைந்தது. போகும்போது, "லைட்டை அணைச்சிடுங்க பெரியவரே, ஒரு காத்தாடி வைங்க, முகத்துக்கு வலை போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லைட்டை அணைக்கச் சொல்கிறது யார் யோசனை என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஒரு காற்று அடித்தது தம்பி, நீங்க அப்போது இந்த ஊரில் இருந்தீங்களா? தைல மரம் கரண்டுக் கம்பத்து மேலே விழுந்து, இந்தத் தெரு முழுக்க இருட்டு. நான் நடுங்கிப்போனேன். பவுனு கதை முடிந்தது, இனி அவன் இஷ்டத்துக்கு வந்து போவான் என்று. ஆனால் நடந்தது என்ன தெரியுமா? கரண்டு இல்லாத அத்தனை நாளும் வீக்கம் வற்றிக்கொண்டே வந்தது. மூக்கு மூக்கு மாதிரி ஆனது. பவுனு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தூணை விட்டு நகர்ந்து நின்று கொள்ளு தின்றாள்.

"பாத்தீங்களா மாமா" என்றாள் பூங்கோதை.

"பாத்தேம்மா" என்றேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒச்சப்பனுக்கு இருட்டு என்றால் பயம். சின்ன வயதிலிருந்தே பயம், அவனே என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான். இருட்டில் வழி தெரியாமல் வீட்டோடு கிடந்திருக்கிறான். என் லைட்டு வெளிச்சத்தில்தான் இத்தனை நாள் பாதை தெரிந்து வந்து போயிருக்கிறான். பாருங்க, என் கரண்டில் என் குதிரைக்கே வேலை வைத்திருக்கிறான்.

அப்படியானால் லைட்டை அணைத்துவிடலாமே என்கிறீங்களா? அதையும் யோசித்தேன். அணைத்தால் வர மாட்டான், சரி. ஆனால் வந்தால் தெரியாதே. இரண்டையும் எடை போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் பாதையில் விழக்கூடாது, பவுனு மேல் மட்டும் விழ வேண்டும். அதுதான் வழி. அதனால் கரண்டு வந்ததும் பந்தல்காரரிடம் போய் ஃபோகஸ் லைட்டு ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். கல்யாண மேடையில் மாப்பிள்ளை பொண்ணு முகத்துக்கு அடிப்பார்களே, அது. நேராகப் பவுனு மூக்குக்குக் குறி வைத்து மாட்டினேன்.

காது குத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. மூக்கு மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை முந்தினதெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி.

பூங்கோதை கொசுவலையை வெட்டி, ஓரத்தில் நாடா வைத்து, பவுனு முகத்துக்கு ஒரு உறை தைத்துக் கொண்டுவந்தாள். காதுக்குத் தனியாக இரண்டு பை. நல்ல வேலைக்காரி, அதில் சந்தேகமில்லை. "இத மாட்டிவிடுங்க மாமா, காது குத்து வரைக்குமாவது" என்றாள்.

முகத்தை மூடினால் முகத்தில் எவன் கை வைத்தான் என்று எப்படித் தெரியும்? அவளிடம் அதைச் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் வீணாக்கவில்லை. சாயங்காலம் ஃபோகஸ் லைட்டுக்குக் கீழே காவல் உட்கார்ந்தால் பூச்சித் தொல்லை தாங்க முடியவில்லை. கண்ணிலும் மூக்கிலும் விழுந்து பிடுங்குகிறது. அதனால் அந்த உறையை நான் மாட்டிக்கொண்டேன். குதிரை முகத்துக்குத் தைத்தது, முன்னால் கொஞ்சம் நீளமாகத் தொங்கும், மற்றபடி வசதி. வலைக்குள் உட்கார்ந்துகொண்டு பவுனுவைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாயில்லாத ஜீவன், ஆனால் நன்றி கண்ணில் தெரியும்.

காது குத்து அன்றைக்குக் காலையில் பவுனுவைக் குளிப்பாட்டி, பிடரி வாரி, நெற்றியில் பொட்டு வைத்தேன். பொட்டு வைக்க நெற்றி எது, மூக்கு எது என்று கண்டுபிடிக்க நேரமானது. டாக்டரம்மா காலையிலேயே வந்து ஊசி போட்டு, "நடக்கலாம், ஒண்ணும் ஆகாது, ஓட மட்டும் வேணாம்" என்றார்கள். ஏரிக்கரை முனைக்குக் கூட்டிப்போனேன். மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தவர்கள், எங்களைப் பார்த்ததும் ஒருத்தர் ஒருத்தராக நிறுத்தினார்கள். கடைசியில் நாயனம் மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் போய், அதுவும் நின்றது.

அந்தப் பக்கம் ஒச்சப்பன் ராக்கெட்டை ஜோடித்து நிறுத்தியிருந்தான். நெற்றியில் சிவப்புக் குஞ்சம், கழுத்தில் சலங்கை, முதுகில் சரிகைத் துணி. முகம் எப்படி இருந்தது? குதிரை முகம் மாதிரி இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அவன் பவுனு பக்கத்தில் வந்தான். "சம்பந்தி, பாவம், இன்னிக்கு இவள விட்டுருங்க. நிழல்ல கட்டிப் போடலாம். நான் ஆளு போட்டுப் பாத்துக்கச் சொல்றேன்" என்றான். குரலை எவ்வளவு இறக்கினான் தெரியுமா? ஜெயித்தவனுக்குத்தான் அப்படிக் குரல் இறங்கும்.

என் மகன் என் காதில், "அப்பா, பேச்சு பேச்சுதானே. முகத்தப் பாருங்க" என்றான். சொந்த மகன்.

எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் ஓடவில்லை தம்பி. கூட்டம் முழுக்க என்னையே பார்க்கிறது. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பேரனை அடுத்தவன் குதிரையில் ஏற்றி, நான் என் குதிரையைப் பின்னால் நடத்திக்கொண்டு போக வேண்டும். அந்த ஒடிந்த அப்பளம்தான் என் கண் முன்னால் வந்தது. சரி, ஆகட்டும் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

பூங்கோதை பிள்ளையைத் தூக்கி வந்து ராக்கெட் முதுகில் வைக்கப்போனாள். கவினுக்கு அப்போது பேச்சு வந்து கொஞ்ச நாள்தான். அவன் ராக்கெட்டைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பவுனுவைப் பார்த்தான். கண் விரிந்தது. கையை நீட்டினான்.

"ஆனை" என்றான்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஒச்சப்பன்தான் முதலில் சிரித்தான். பூங்கோதை, "இல்லடா தங்கம், அது தாத்தாவோட குதிரை. இங்க பாரு, இங்க சலங்கை பாரு" என்று ராக்கெட் பக்கம் திருப்பினாள். பிள்ளை உடம்பை வில்லாக வளைத்தான். காலை உதைத்தான். ராக்கெட் முதுகில் வைத்தால் ஊரே அதிரக் கத்துகிறான். தூக்கினால் நிறுத்துகிறான். "ஆனை, ஆனை" என்று ஒரே பிடிவாதம். தாய்மாமன் வந்து கெஞ்சினான், பஞ்சு மிட்டாய் காட்டினான். அதை வாங்கிக்கொண்டு, "ஆனை" என்றான்.

அப்போது எனக்கு நெஞ்சு எப்படி நிமிர்ந்தது என்கிறீங்க. நான் சத்தமாகவே சொன்னேன், "அவரு குதிரை கொண்டாந்திருக்காரு. நான் யானையே கொண்டாந்திருக்கேன். புள்ளைக்குத் தெரியாதா எது பெருசுன்னு?"

பிள்ளையைப் பவுனு மேல் வைத்தோம். வைத்த உடனே அடங்கினான். குனிந்து அந்த மூக்கைத் தட்டிக்கொடுத்தான். மேளம் மறுபடி ஆரம்பித்தது. கோயில் வரைக்கும் அந்தக் கரையில் நின்ற சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். ராக்கெட்டை எவன் படம் பிடித்தான்? அது பின்னால் வந்தது. முதுகில் பூக்கூடை வைத்து வந்தது.

ஒச்சப்பன் என்ன செய்தான் தெரியுமா? ராக்கெட் நெற்றியில் இருந்த சிவப்புக் குஞ்சத்தை அவிழ்த்துப் பவுனு நெற்றியில் கட்டினான். அப்புறம் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து, வழி முழுக்கப் பவுனு முகத்துக்கு விசிறிக்கொண்டே பக்கத்தில் நடந்து வந்தான். வேர்த்துக் கொட்டுகிறது அவனுக்கு, நிறுத்தவில்லை. நான் கவனித்துக்கொண்டே வந்தேன். தான் வைத்ததைத் தானே எடுக்கிறான். ஊர் முன்னால் தோற்ற பிறகு அதை வைத்திருந்து என்ன லாபம்?

மத்தியானப் பந்தியில் அவனே கூடையைத் தூக்கி வந்து எனக்குப் பரிமாறினான். முழு அப்பளம். ஒன்று வைத்தான், அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. சோறு தெரியவில்லை. "சம்பந்திக்கு அப்பளம்னா பிடிக்கும்னு பூங்கோதை இப்பத்தான் சொன்னா, தெரியாமப் போச்சே" என்றான். எப்படிக் குத்திக்காட்டுகிறான் பாருங்க. எல்லாவற்றையும் தின்றேன். ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

பனிக்காலம் வந்ததும் பவுனு முகம் தானாகச் சரியாகிவிட்டது. ஒரு தடிப்புக் கிடையாது. டாக்டரம்மா பனிக்குப் பூச்சி இருக்காது என்றார்கள். அதெல்லாம் இல்லை. பனி இறங்கினால் ஒச்சப்பனுக்கு மூட்டுவலி, வெளியே வர முடியாது.

இப்போது மறுபடி மழை பிடித்திருக்கிறது. கவினுக்குத் தங்கச்சி பிறந்திருக்கிறாள், அவளுக்கு அடுத்த மாதம் காது குத்து. நேற்றுக் காலையில் பார்க்கிறேன், பவுனு மேலுதடு கொஞ்சம் தடித்திருக்கிறது. ஆரம்பித்துவிட்டான். அதனால்தான் தம்பி உங்களை அவசரமாக வரச்சொன்னது. இந்த வருஷம் ஒரு மூலை இருட்டு இருக்கக்கூடாது.

முடிந்ததா? போடுங்க, பார்க்கலாம்.

அடேயப்பா. பகல் தோற்றது. பவுனு நிழல்கூடக் காணாமல் போய்விட்டது. பாதைக்கு அந்தப் பக்கம் நீலத் தகரத்தில் ஆணி தெரிகிறது. நல்ல சாமான். அங்கேயே நில்லுங்க, கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க, மூக்குக்கு நேராக. இன்னும் கொஞ்சம்.

என்ன தம்பி, கன்னத்தில் அடித்துக்கொள்கிறீங்க? கழுத்திலுமா? ஏணியில் நிற்கும்போது இரண்டு கையையும் விடாதீங்க. இப்படித் திரும்புங்க, பார்க்கிறேன்.

உங்க காது வரும்போதே இப்படியா இருந்தது?

இல்லையே, டீக்கடையில் பார்த்தபோது சாதாரணக் காதுதானே. இப்போது வடை மாதிரி இருக்கிறதே. உதடும் தடிக்கிறது. கண்ணைத் தேய்க்காதீங்க. ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்க. இங்கே வரும் வழியில் சம்பந்தியைப் பார்த்தீங்களா? பார்த்தீங்க. ஏதாவது பேசினானா?

"பெரியவர் லைட்டு போடச் சொன்னா, முகத்த மூடிக்கிட்டு ஏறுங்க தம்பி" என்றானா?

கேட்டீங்களா? உங்க முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். பவுனு முகத்தைப் பற்றிச் சொன்ன மாதிரியே. எனக்கு வேலை செய்ய வந்த பாவத்துக்கு உங்களையும் விடவில்லை.

இறங்குங்க, மெதுவாக இறங்குங்க, பயப்படாதீங்க. பவுனுக்குப் போடுகிற ஊசிக்கு டாக்டரம்மாவைக் கூப்பிடட்டுமா? வேண்டாமா? சரி. ஐயோ, லைட்டை அணைக்காதீங்க தம்பி, கையை எடுங்க. இப்போதுதான் முக்கியமாக எரிய வேண்டும்.

இந்தாங்க, இந்த வலையைத் தலையில் மாட்டிக்குங்க. முன்னால் கொஞ்சம் தொங்கும், காதுக்குத் தனிப் பை இருக்கிறது. பவுனுக்கென்று தைத்ததுதான். அவளுக்கு எதற்கு அது? அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் இருக்கிறேனே.